சாதியா, பாலினமா? தலித் பெண்களின் உயர்கல்வி குறித்த பதில்களும் அவை எட்டாத இடங்களும்

வைகையின் வடகரையில், தல்லாகுளத்தையும் கோரிப்பாளையத்தையும் ஒட்டி, நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் மூன்று கல்லூரிகள் இருக்கின்றன. 1881இல் அமெரிக்க மிஷனரிகள் பசுமலையில் தொடங்கிப் பின்னர் இங்கே வந்து நிலைத்தது அமெரிக்கன் கல்லூரி. மதுரையின் முதல் மகளிர் கல்லூரியான லேடி டோக்கை 1948இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கினார். ஸ்ரீ மீனாட்சி மகளிர் கலைக் கல்லூரியை 1965இல் அரசு திறந்தது. மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், அலங்காநல்லூர் என்று நாலா பக்கத்து ஊர்களிலிருந்தும் காலைப் பேருந்துகளில் பெண்கள் இந்த வட்டாரத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். அந்தப் பலரில் தலித் பெண்களும் உண்டு.

இவர்களைப் பற்றிய கேள்வி பழையது. கல்லூரிக்குள் இவர்கள் சந்திக்கும் தடைகளுக்குக் காரணம் சாதியா, பெண்ணாக இருப்பதா, வீட்டில் காசு இல்லாததா? மூன்றும் சேர்ந்துதான் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். அவை எப்படிச் சேர்கின்றன, சேர்ந்த பிறகு என்னவாக மாறுகின்றன என்று கேட்கும்போதுதான் பதில்கள் பிரிகின்றன. ஒவ்வொரு பதிலும் எங்கிருந்து வந்தது, எதுவரை தாங்குகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. கல்லூரியில் யார் சேர்கிறார்கள் என்பது பற்றி நம்மிடம் ஓரளவு தகவல் இருக்கிறது. சேர்ந்த பிறகு அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பது பற்றி மிகக் குறைவாகவே இருக்கிறது. பதில்களில் பலவும் இந்த இடத்தில்தான் இடறுகின்றன என்பது என் கணிப்பு.

படிப்பே விடுதலை

எல்லாவற்றுக்கும் மூத்த பதில் இது. ஃபுலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, தன் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் அச்சேறியது. தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களின் பெண் ஒருத்தி எழுத்தறிந்ததும் முதலில் எழுதியது சாதியைப் பற்றித்தான். சென்னையில் 1894 முதல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பள்ளிகளைத் திறந்தார். அயோத்திதாசரும் அந்த முயற்சிக்குத் துணை நின்றவர். 1942இல் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் திருமணத்துக்கு அவசரப்படாமல் இருக்கவும் பெண்களிடம் கேட்டுக்கொண்டார். மதுரை அவுட்போஸ்ட்டில் நிற்கும் அவருடைய சிலைக்கு ஏப்ரல் 14 அன்று மாலை போட வருபவர்களின் பேச்சில் இன்றும் இதுதான் முதன்மையான செய்தி.

தமிழ்நாட்டில் இந்தப் பதிலுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது இடஒதுக்கீடு. விடுதலைக் காலத்துக் கம்யூனல் ஜி.ஓ. கல்லூரி இடங்களைப் பதினான்கு பங்காக்கி, அதில் இரண்டை அன்றைய ஆவணங்கள் 'ஹரிஜன்' எனக் குறிப்பிட்டவர்களுக்கு ஒதுக்கியது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, 15(4) பிரிவு உருவானது. வழக்குத் தொடுத்தவர் ஒரு பிராமணப் பெண். அந்த விவாதம் முழுவதிலும் பெண் என்றால் அவர். ஒடுக்கப்பட்டவர் என்றால் மனக்கண்ணில் நின்றது ஓர் ஆண் மாணவன். மருத்துவக் கல்லூரி வாசலில் ஒரு தலித் பெண் நிற்கக்கூடும் என்ற நினைப்பு இரண்டு தரப்பு வாதத்திலும் காணப்படவில்லை. இன்று மாநிலத்தில் 69 சதவீத ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது. அதில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1.

இந்தப் பதிலின் சாதனையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021–22இல் இந்தியக் கல்லூரிகளில் பட்டியல் சாதி மாணவர்கள் 66 லட்சத்தைத் தாண்டினர்; அவர்களில் பெண்கள் சுமார் 31.7 லட்சம். பட்டியல் சாதியினரின் மொத்தச் சேர்க்கை விகிதம் 25.9, நாட்டின் பொது விகிதம் 28.4. அதே ஆண்டில் தமிழ்நாட்டின் பொது விகிதம் 47. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிப் பெண்களின் எழுத்தறிவு 65.6 சதவீதமாக இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் ஒரே தலைமுறையில் நடந்திருப்பது பெரிய தாவல்.

பலவீனம் எங்கே? இந்தப் பதில் வாசலைத் தாண்டியவர்களைத்தான் எண்ணுகிறது. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் படித்த தாட்சாயணி வேலாயுதன், இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரி எனப்படுபவர்; பின்னாளில் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போனவர். அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர்தான். கல்லூரிப் பதிவேட்டில் அவரும் ஒரு மாணவி. ஆய்வகத்தில், உயர்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைச் செய்து காட்ட மறுத்தார். தள்ளி நின்று பார்த்துப் பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். சேர்க்கை விகிதம் எத்தனை ஏறினாலும் அந்த இடைவெளி எந்தக் கணக்கிலும் வராது.

பணம் இருந்தால் சரியாகிவிடுமா?

இடதுசாரிச் சிந்தனையிலும் நலத்திட்ட நிர்வாகத்திலும் வேரூன்றிய இரண்டாவது பதில், தடையின் வேர் வறுமை என்கிறது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பினால் ஒரு கூலி குறையும், ஒரு செலவு கூடும். பத்தாவதையோ பன்னிரண்டாவதையோ முடித்த பெண்ணுக்கு எதிரே திண்டுக்கல், கோவைப் பக்கத்து நூற்பாலைகளின் 'சுமங்கலி' வேலையும் நின்றது: மூன்றாண்டு தங்கி உழைத்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. கல்லூரிக்கான விண்ணப்பம் அந்தத் தொகையோடு போட்டியிட வேண்டியிருந்தது.

எனவே கட்டணத்தை அரசு ஏற்றால் பாதித் தடை நீங்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் 1944இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2012இன் அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டணத்தை அரசே தரும் என்றது. முதல் தலைமுறைக் குடும்பங்கள் பொறியியல் கல்லூரிப் படியேற இது வழிவிட்டது. பிறகு 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் இதிலிருந்து விலக்கப்பட்டனர். 2021இல் ஒன்றிய அரசு திட்டத்தை மாற்றியமைத்து, 60:40 என்று செலவைப் பங்கிட்டு, பணத்தை மாணவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. கணக்குக்குப் பணம் வருவதற்குள் கல்லூரி கட்டணம் கேட்டுவிடும். அந்த இடைவெளியில் குடும்பம் யாரிடம் கடன் வாங்குகிறது, அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் கட்டணம் வந்தால் யாருடையது முதலில் கட்டப்படுகிறது என்ற கேள்விகள் வறுமைக்குள்ளேயே பாலினம் ஒளிந்திருப்பதைக் காட்டுகின்றன.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலிருந்த திருமண நிதியுதவி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ரூ. 1,000 என்று உருமாறியது. பணம் கல்யாணத்திலிருந்து படிப்புக்குத் திரும்பியது. அதுவும் பெண்ணின் சொந்தக் கணக்குக்கு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சமீப காலத்தில் பெண் கல்விக்கு நடந்த நல்ல காரியங்களில் இவை இரண்டும் முக்கியமானவை.

ஆனாலும் பணத்தால் விளங்காத ஒன்று மிஞ்சுகிறது. உதவித்தொகை வாங்குவதே வகுப்பறையில் சாதியை அறிவிக்கும் சடங்காகிவிடும். சுற்றறிக்கையை வகுப்பில் வாசித்து, "எஸ்.சி., எஸ்.டி. எழுந்திருங்க, ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும்" என்று சொன்னால் போதும். அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்தது அந்த நொடியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். "எந்த ஊரு?" என்று கேட்டு, பதில் வந்ததும் "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று தொடரும் விசாரணை இன்னொன்று. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்பது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததற்குக் காரணமே, அந்தப் பெயர் முகவரியாக இல்லாமல் அடையாளக் குறியாகப் புழங்கியதுதான். எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மற்ற சாதி மாணவியிடம் இந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படுவதில்லை.

தகுதி என்னும் பேச்சு

மூன்றாவது பதில் கேள்வியையே மறுக்கிறது: கல்லூரிக்குள் சாதி கிடையாது, மதிப்பெண் மட்டுமே உண்டு. எளிதில் ஒதுக்கித் தள்ளிவிடக்கூடிய பதில் அல்ல இது. நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர்கள் பலர் நம்புவது இதைத்தான். இதன் பிறப்பிடத்தை அஜந்தா சுப்ரமணியன் சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து 2019இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். பிராமண எதிர்ப்பு அரசியல் வலுத்த தமிழ்நாட்டில், பரம்பரைச் சாதி மூலதனம் 'தகுதி' என்ற புதிய உடையில் வந்து நின்றது என்பது அவர் வாதம். சாதி இல்லாதவராகத் தோன்றுவதே சிலருக்கு வாய்த்த சாதிச் சலுகை என்று சதீஷ் தேஷ்பாண்டே முன்பே எழுதியிருந்தார்.

இந்த விவாதத்தைத் தமிழ்நாடு நெஞ்சில் அறைந்தாற்போல் உணர்ந்தது 2017இல். அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 எடுத்தவர். நீட் வந்ததால் மருத்துவ இடம் கிடைக்காமல், உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடி, செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மரணம் மாநில உரிமை, கிராமப்புற மாணவர், அரசுப் பாடத்திட்டம் என்ற சொற்களில் பேசப்பட்டது. அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளான ஒரு தலித் பெண் அவர் என்பது மட்டும் போகப்போகப் பின்னுக்குப் போனது. அவரைத் தமிழ்நாட்டின் மகள் என்று எல்லோரும் சொந்தம் கொண்டாடியதில் அன்பு இருந்தது. அந்த அன்பினுள்ளேயே அவருடைய தனித்த இடம் கரைந்துபோனதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

தகுதி வாதத்தின் பெரிய ஓட்டை, எழுதிப் பெறும் மதிப்பெண்ணுக்கு வெளியே இருக்கிறது. இன்டர்னல் மார்க், செய்முறைத் தேர்வு, வைவா, முனைவர் பட்டத்துக்குக் கைடு கிடைப்பது, பரிந்துரைக் கடிதம் ஆகிய எல்லாமே ஒருவரின் விருப்பு வெறுப்புக்கு இடம் தருபவை. படிப்பு மேலே போகப்போக விடைத்தாளின் பங்கு குறைந்து இவற்றின் பங்கு கூடுகிறது. இளங்கலை சேர்க்கையில் ஏறும் கோடு ஆய்வுப் படிப்புக்கு வரும்போது ஏன் தடுமாறுகிறது என்று தேடுபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

இரட்டைச் சுமையும் அதற்கான எதிர்வாதமும்

1990களில் வாதம் வேறு தளத்துக்கு நகர்ந்தது. 1995இல் ரூத் மனோரமா முன்னின்று தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானது. அதே ஆண்டு கோபால் குரு 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை, தலித் பெண்கள் வேறாகப் பேசுகிறார்கள் என்றது. பெண்ணிய இயக்கம் உயர்சாதிப் பெண்ணின் அனுபவத்தைப் பொதுவாக்கியது, தலித் இயக்கம் ஆணின் அனுபவத்தைப் பொதுவாக்கியது என்பது அதன் சாரம். 1998இல் ஷர்மிளா ரெகே இதை ஏற்றுக்கொண்டு ஒரு கேள்வி எழுப்பினார்: வேறுபாட்டை மட்டும் பேசினால், தலித் பெண் பிரச்சினையைத் தலித் பெண்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று மற்றவர்கள் கை கழுவிவிட மாட்டார்களா? தலித் பெண்ணிய நிலைப்பாட்டிலிருந்து எல்லோரும் கற்றுக்கொள்ளவும் மாறவும் வேண்டும் என்பது அவர் நிலை. தலித் அல்லாதவர்கள் அந்த நிலைப்பாட்டை எடுத்துப் பேசலாமா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை.

உயர்கல்வி ஆய்வுகளில் இதற்கு இணையான வாதம் 'இரட்டைப் பாகுபாடு' என்ற பெயரில் வந்தது. மராட்டியத் தலித் பெண்களின் கல்வி வரலாற்றை எழுதிய ஷைலஜா பாய்க் 2014இல் தம் நூலுக்குக் கொடுத்த துணைத் தலைப்பும் அதுவே. 1989இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா கறுப்பினப் பெண் தொழிலாளர் வழக்குகளை வைத்துச் சொன்ன கருத்து இங்கே பொருந்துகிறது. இரண்டு ஒடுக்குமுறைகள் குறுக்கிடும் இடத்தில் விளைவது இரண்டின் கூட்டுத்தொகையாக இருப்பதில்லை. புதிய ஒன்று உருவாகிறது.

கல்லூரி வாழ்க்கையில் அந்தப் புதிய ஒன்று எப்படி இருக்கும்? விடுதியில் உயர்சாதி மாணவிக்கும் தலித் மாணவிக்கும் மாலை ஆறு மணிக் கதவடைப்பு ஒன்றுதான். முதல் மாணவி வெளியே போனால் குடும்ப மானம் போகும் என்று கட்டுப்பாடு. இரண்டாம் மாணவி வெளியே போனால், "இவங்க இப்படித்தான்" என்று முன்முடிவு. முன்னவளைக் காப்பாற்ற வேண்டிய உடலாகவும் பின்னவளைக் கைக்கெட்டும் உடலாகவும் பார்ப்பது சாதியின் பழைய ஏற்பாடு. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையின் தர்க்கம் நேராக இங்கே வந்து சேர்கிறது. கல்லூரிக் காதலைச் சாதி சங்கங்கள் கண்காணிப்பது, ஆணவக் கொலை ஆகியவை பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் ஆதிக்கச் சாதிப் பெண்ணையும் தலித் ஆணையும் சுற்றியே நடக்கின்றன. சாதி மாறிப் பழகிக் கைவிடப்படும் தலித் மாணவி அந்த விவாதத்தில் அரிதாகவே தென்படுகிறாள்.

சாதிச் சச்சரவு என்றதும் நம் மனத்தில் எழும் படமும் ஆண் மாணவர்களுடையதே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டபோது, தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பொதுவெளியில் அதிகம் பேசப்பட்டவை கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றிப் பொட்டு, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி ஆகியவைதாம். சத்தமில்லாமல் நடப்பவற்றுக்கு அந்த விவாதத்தில் இடம் கிடைக்கவில்லை. டிபன் பாக்ஸைத் தொடாமல் விடுவது, அறைத்தோழி அறை மாற்றிக் கேட்பது, புராஜெக்ட் குழுவில் கடைசி ஆளாகச் சேர்க்கப்படுவது எல்லாம் அந்த வகை. பெண்கள் கல்லூரியில் சாதி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

தன்வரலாறு சாட்சியாகுமா?

இந்தச் சத்தமில்லாத பகுதியைத் தமிழில் முதலில் பதிவு செய்தது ஆய்வு அல்ல, இலக்கியம். பாமாவின் 'கருக்கு' 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்தது. வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கன்னியாஸ்திரிகளின் விடுதிக்கும் கல்லூரிக்கும் போன ஒரு தலித் கிறிஸ்தவப் பெண்ணின் கதை அது. அதில் வரும் இரண்டு இடங்களை இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று, அரசு சிறப்பு வகுப்பு ஏற்பாடு செய்திருக்கிறது என்று சொல்லி வகுப்பில் 'ஹரிஜன' மாணவிகளை எழுந்து நிற்கச் சொல்லும் தருணம். எழுந்தவர்கள் இருவர், இருவரும் அந்த வகுப்பே வேண்டாமென்றார்கள். உதவியாக நீட்டப்பட்டது அவமானமாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது, கல்லூரி விருந்துக்கு உடுத்த நல்ல சேலை இல்லாமல், விருந்து முடியும்வரை குளியலறையில் ஒளிந்திருப்பது. முதலாவதைச் சாதி என்ற கட்டத்தில் போடலாம். இரண்டாவதை எந்தக் கட்டத்தில் போடுவது? சேலை இல்லாதது வறுமை. சேலை இல்லாமல் பெண்கள் நடுவே நிற்க முடியாதது பெண்ணுக்கு வகுத்த அளவுகோல். அந்தக் கூட்டத்தில் ஏற்கெனவே எண்ணப்பட்டுக்கொண்டிருப்பது சாதி. மூன்றையும் பிரித்தெடுக்க முயன்றால் அந்தக் காட்சியே மிஞ்சாது.

ஒருவரின் அனுபவத்தை வைத்துப் பொதுமைப்படுத்தலாமா என்று சமூகவியலாளர்கள் கேட்பது நியாயமே. தன்வரலாறு எழுதியவர்கள் படித்து மேலே வந்தவர்கள். இரண்டாம் ஆண்டிலேயே நின்றுபோனவர்கள் எழுதவில்லை. எனவே அந்த நூல்கள் காட்டும் கசப்பு, உண்மையில் உள்ளதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். இன்னொரு பக்கம், நூறு கேள்வித்தாள்களால் அந்தக் குளியலறைக்குள் நுழைய முடியாது. நான் இலக்கியச் சாட்சியத்தின் பக்கம்தான் சாய்கிறேன், ஒரு நிபந்தனையோடு: எதைத் தேட வேண்டும் என்பதை அது சொல்லும், எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது.

அந்தச் சாட்சியத்தைப் பாடமாக வைப்பதும் எளிதாக நடந்துவிடவில்லை. 2021 ஆகஸ்டில் தில்லி பல்கலைக்கழகத்தின் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகள் நீக்கப்பட்டன. மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி'யும் அதே பட்டியலில் போனது. தமிழ்நாட்டில் பிறந்த இரண்டு தலித் பெண்களின் எழுத்து தலைநகர வகுப்பறைக்குப் போனதும், அங்கிருந்து வெளியே அனுப்பப்பட்டதும் சேர்ந்தே உயர்கல்வி வரலாற்றின் பகுதிதான்.

இரண்டு குழுக்களுக்கு நடுவே

சட்டம் என்ன செய்கிறது? ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் துன்புறுத்தலுக்கு உள் புகார்க் குழு உண்டு. 2013 சட்டமும் 2015இன் யு.ஜி.சி. விதிகளும் அதைக் கட்டாயமாக்கின. சாதிப் பாகுபாட்டுக்கு எஸ்.சி./எஸ்.டி. செல், 2012 விதிகளின்படி சம வாய்ப்பு மையம், பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர். ஏட்டளவில் இரண்டு வழிகள் இருக்கின்றன. சாதிப் பெயரைச் சொல்லியே பாலியல் தொந்தரவு செய்பவனைப் பற்றி எழுதும் பெண், ஒரே புகாரை எந்த மேசையில் வைப்பது? ஒரு குழுவில் வைத்தால் சாதி 'எங்கள் வரம்பில் இல்லை'. இன்னொன்றில் வைத்தால் பாலியல் 'அவர்கள் பார்க்க வேண்டியது'.

2013 சட்டத்தில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவின் நியமன உறுப்பினர்களில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட அல்லது சிறுபான்மைப் பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கல்லூரிக்குள்ளே இருக்கும் உள் குழுவுக்கு அப்படிப்பட்ட நிபந்தனை இல்லை. தெருவில் கூலி வேலை செய்யும் பெண்ணின் புகாருக்குத் தேவைப்பட்ட கண், மாணவியின் புகாருக்குத் தேவையில்லை என்று ஏன் நினைத்தார்கள் என்பது விளங்கவில்லை.

நீதிமன்றம் ஒருமுறை இந்தச் சந்திப்பை நேராகப் பார்த்தது. 2021 ஏப்ரலில் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீதான வன்கொடுமையை விசாரித்த உச்ச நீதிமன்றம், சாதியும் பாலினமும் உடற்குறையும் ஒன்றோடொன்று பின்னிச் செயல்படுவதை விரிவாக எழுதியது. ஆயினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட தண்டனை நிற்கவில்லை. அன்றிருந்த பிரிவின்படி குற்றம் சாதியின் காரணமாகவே நடந்தது என்று தனியே நிரூபிக்க வேண்டியிருந்தது. பின்னியிருக்கிறது என்று ஏற்றுக்கொண்ட அதே தீர்ப்பில், ஓர் இழையை மட்டும் உருவிக் காட்ட வேண்டிய சட்டம் குறுக்கே நின்றது. 2015 திருத்தம், பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்திருந்தாலே போதும் என்று அந்தச் சுமையைக் குறைத்திருக்கிறது.

சாதிப் பாகுபாட்டுப் புகார்களுக்கு நடுவே உயிரை மாய்த்துக்கொண்ட ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவின் தாயும் மருத்துவர் பாயல் தாத்வியின் தாயும் 2019இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை ஒட்டி, 2026 ஜனவரியில் யு.ஜி.சி. புதிய சமத்துவ விதிகளை அறிவித்தது. கடும் எதிர்ப்புக்கு நடுவே அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது. பிள்ளைகளை இழந்த இரண்டு தாய்மார்கள் நடத்திய போராட்டம் இது என்பதை விதிகளின் வாசகம் பற்றிய வாதங்களில் மறந்துவிடக் கூடாது.

பட்டியலுக்குள்ளும் வெளியிலும்

மேலே சொன்ன எல்லாப் பதில்களும் தலித் பெண் என்று ஒருமையில் பேசுகின்றன. மதுரைச் சமவெளியில் அந்த ஒருமை நிற்காது. பள்ளர், பறையர், அருந்ததியர் ஆகியோருக்கு நிலம், தொழில், மொழி, பள்ளிக்குப் போகத் தொடங்கிய தலைமுறை எல்லாமே வேறு. தூய்மைப் பணியில் இருக்கும் அருந்ததியர் குடும்பப் பெண்ணுக்கும் சிறு நிலம் உள்ள தேவேந்திரர் (பள்ளர்) குடும்பப் பெண்ணுக்கும் கல்லூரி ஒரே தொலைவில் இல்லை. 2009இல் தமிழ்நாடு 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் ஒதுக்கியது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது. அந்த 3 சதவீதத்தில் பெண்கள் எத்தனை பேர், எந்தப் பாடப்பிரிவில், எத்தனை பேர் முடித்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. அதைச் சாதி வாரியாகவும் பாலின வாரியாகவும் குறுக்கே வெட்டிப் பொதுவில் வைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

கிறிஸ்தவத் தலித் பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. மிஷன் கல்லூரிகள் நிறைந்த தல்லாகுளத்தில் இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதி ஆக முடியாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்தக் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். மாநில உதவித்தொகை உண்டு, 18 சதவீதம் கிடையாது. ஊரில் அவர்கள் தெரு மாறவில்லை, சான்றிதழ் மாறிவிட்டது. பாமாவின் கதாபாத்திரம் வகுப்பில் எழுந்து நின்றதை நினைத்துக்கொண்டால், சட்டம் இல்லை என்று சொல்லும் சாதியை வகுப்பறை எவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கிறது என்பது புலப்படும்.

வீடும் இயக்கமும்

தலித் குடும்பங்களில் பெண்ணுக்குச் சுதந்திரம் கூடுதல் என்ற கருத்து ஒன்று உண்டு. உழைக்கும் பெண்ணின் குரல் வீட்டில் எடுபடும், விதவை மறுமணத்துக்குத் தடையில்லை என்பவை அதன் ஆதாரங்கள். திருச்சிப் பக்கத்துக் கிராமத்தை ஆராய்ந்து கரின் கபாடியா 1995இல் வெளியிட்ட நூல் இதற்கு ஓரளவு வலு சேர்க்கிறது. கூடவே, பொருளாதாரத்தில் மேலேறும் குடும்பங்களில் பெண்களின் நடமாட்டம் சுருங்குவதையும் வரதட்சணை ஏறுவதையும் காட்டுகிறது. மாறாக, குடிசைக்குள் நடக்கும் அடியையும் வசவையும் மறைக்காமல் எழுதியவர்கள் பாமாவும் ப. சிவகாமியும். சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தபோது, படித்த தலித் பெண் தன் தந்தையின் அதிகாரத்தையும் அரசியலையும் கேள்வி கேட்டது சங்கடத்தை உண்டாக்கியது. ஆதிக்கச் சாதியினர் பயன்படுத்திக்கொள்வார்கள், வீட்டு விஷயத்தை வெளியே பேசலாமா என்று கேட்டார்கள். கேட்டவர்களின் பயத்தில் பொருள் இல்லாமல் இல்லை. அதற்கான விலையைத் தொடர்ந்து கொடுத்து வருபவர்கள் பெண்கள் என்பதும் உண்மை.

பட்டம் பெற்ற மகளுக்குப் படித்த மாப்பிள்ளை தேடும்போது சீர் கூடுகிறது, வேலைக்குப் போவதற்கு அனுமதி கேட்க வேண்டிவருகிறது. உயர்கல்வி இந்தப் பெண்களை விடுவிக்கிறதா, அல்லது நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் வேறொரு கட்டுப்பாட்டுக்குள் கொண்டுசேர்க்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. இரண்டுக்கும் சான்று இருக்கிறது. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி விடை மாறலாம்.

விடை கிடைக்காதவை

சாதியா பாலினமா என்ற வடிவில் கேட்டால் கேள்விக்கு விடை வராது என்ற அளவுக்காவது இன்று உடன்பாடு வந்துவிட்டதாகச் சொல்லலாம். வறுமை வாதம் கட்டணத்தையும் பேருந்தையும் விளக்கியது. எழுந்து நிற்கச் சொல்வதை விளக்கவில்லை. தகுதி வாதம் தன்னைத்தானே விளக்கிக்கொள்ளவில்லை. குறுக்கீடு பற்றிய கோட்பாடு எல்லாவற்றையும் விளக்குவதாகத் தோன்றுகிறது. அதனாலேயே கொஞ்சம் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட கல்லூரியில், ஒரு குறிப்பிட்ட துறையில் எது முந்துகிறது என்று சொல்ல முடியாவிட்டால் அது நிர்வாகத்தின் கையில் ஓர் அலங்காரச் சொல்லாகத் தேங்கிவிடும்.

திறந்தே இருக்கும் கேள்விகளில் மூன்று எனக்கு அவசரமாகப் படுகின்றன. மகளிர் கல்லூரி தலித் பெண்ணுக்கு இருபாலர் கல்லூரியைவிடப் பாதுகாப்பானதா? ஆண்களின் தொந்தரவு குறையும் என்று நம்பலாம். பெண்களுக்குள்ளேயே இயங்கும் சாதி அங்கே இன்னும் நெருக்கமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தல்லாகுளத்தைவிடத் தோதான இடம் குறைவு. ஒரே ஊர்ப் பெண்கள் ஒரே பேருந்தில் வந்து இறங்கி, மகளிர் கல்லூரிக்கும் இருபாலர் கல்லூரிக்கும், அரசுக் கல்லூரிக்கும் மிஷன் கல்லூரிக்கும் பிரிந்து போகிறார்கள்.

இரண்டாவது, விடுதி. ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. பெயரில் சாதி போனது நல்லதே. கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தும் நல விடுதியைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள் பணத்துக்காகப் போகிறார்களா, தங்கள் மனிதர்களோடு இருக்கும் நிம்மதிக்காகப் போகிறார்களா என்பது அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பிரித்து வைப்பது தவறு என்ற கொள்கையும், சேர்ந்து இருப்பது ஆறுதல் என்ற அனுபவமும் அங்கே மோதக்கூடும்.

மூன்றாவது, ஆசிரியர்கள். முனைவர் பட்ட மாணவி கைடைத் தேடும்போது, அந்தப் பல்கலைக்கழகத்தின் கைடுகள் பட்டியலில் தலித் பெண்கள் எத்தனை பேர் என்பது அவளுடைய அடுத்த ஐந்தாண்டு வாழ்வைத் தீர்மானிக்கலாம். பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டியலைத் துறைவாரியாக ஏற்கெனவே வைத்திருக்கின்றன. ஆசிரியர் நியமனம் இனச்சுழற்சியில் நடப்பதால் சாதி விவரமும் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் விரித்து, ஆட்களின் பெயரை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் வெளியிடுவதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ தேவைப்படாது.